சம்பந்தம் தெருவில் மாலை ஆறு மணி

கேட்ட கதையைச் சொல்லவில்லை. எனக்கே நடந்தது. முதலில் அது ஒரு சின்னக் குழப்பம்தான். மழையே இல்லாத பங்குனி மாதம். ஏரியிலிருந்து என் வாசலுக்குத் தினமும் ஈரக் காலடிகள் வந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

“ஊருக்கெல்லாம் சேதி சொல்ற. பெருக்கின வாசல்ல சேத்துக் கால வெக்கலாமா?” என்றாள் என் மனைவி லோகநாயகி.

“என் கால் இல்லடி. பாரு, எம்மாம் பெருசு!”

குனிந்து பார்த்தாள். துடைப்பத்தால் அதை அழித்தாள்.

நான் கோட்டைக்குப்பத்தில் தமுக்கு அடிப்பவன். ஒல்லாந்தர் கோட்டையில் மாலை ஆறு மணி அடித்ததும், தெருத்தெருவாகப் போய்த் தெருவின் பெயரை மூன்று முறை கூவுவேன். மறுநாள் யார் எங்கே வலை போடுவது என்று சொல்வேன். என் வாசலில்தான் தொடங்குவேன்.

எங்கள் தெருவுக்குப் பெயர் வந்த விதம் எளிது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரச் சுழலில் சிக்கியவர்கள் “சம்பந்தம்!” என்று கத்தினால் போதும், எங்கள் தெருவில் குடியிருந்த அந்த மீனவன் குதித்துவிடுவான். முடியைப் பிடித்துத்தான் இழுப்பான். கையைக் கொடுத்தால், மூழ்குபவன் காப்பாற்ற வந்தவனையும் அமுக்கிவிடுவான். பதினொரு பேரைக் கரை சேர்த்தான். வழி கேட்டவர்களுக்கு ‘சம்பந்தம் வீட்டுத் தெரு’ என்றார்கள். நாளடைவில் ‘வீடு’ உதிர்ந்து, அவன் உயிரோடிருக்கும்போதே அது சம்பந்தம் தெரு ஆனது.

மாசியில் அவனே ஏரியில் மூழ்கிப் போனான். உடல் கிடைக்கவில்லை.

வியாழன்… காலடி, வாசலில் நான் கூவ நிற்குமிடத்துக்குப் பத்தடி தள்ளி நின்றிருந்தது. வெள்ளி… மூன்றடி.

சனி. மணி ஆறு அடித்தது.

“சம்பந்தம் தெரு…”

சளக்.

“சம்பந்தம் தெரு…”

சளக்… சளக்… முதுகுக்குப் பின்னால்.

மூன்றாவதை வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

குளிர்ந்த விரல்கள் என் குடுமியைப் பற்றின.

இழுத்தன.

ஏரிப் பக்கம்…

கத்த முடியவில்லை. வாயெல்லாம் உப்புத் தண்ணீர்.

லோகநாயகி ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். “கரைலதான் கீறாரு! வுடுண்ணா! வுடு!”

பிடி விட்டது.

மறுநாள் கங்காதரனிடம் போனேன். சம்பந்தத்தோடு கடைசியாகத் தோணியில் இருந்தவன். ஒரு மாதக் காய்ச்சல் தெளிந்து அன்றுதான் பேசினான்.

“அன்னிக்குத் தோணி நம்ம தெருவுக்கு நேரா நின்னுச்சு. தண்ணி தகடாட்டம் இருந்துச்சு. யாரும் முழுகல. ‘கரைலேர்ந்து என் பேரச் சொல்லிக் கூப்புடறாங்கடா’னு குதிச்சான். வரவே இல்ல.”

“எப்போ?”

“கோட்டைல ஆறு மணி அடிச்சதும்.”

அன்றிலிருந்து எங்கள் தெருவை ‘பூவரசமரத் தெரு’ என்று கூவுகிறேன். வாசல் காய்ந்தே கிடக்கிறது.