தொண்ணூற்றெட்டு சதவீதக் கல்யாணம்

அந்த ஆஸ்பத்திரியில் அவளைக் 'குடோன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமை டாக்டர்கூட. வயது நாற்பத்தாறு. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்களில் சேருகிற அத்தனைக்கும் இடம் கொடுப்பது அவள் வேலை. நோயாளிகளின் கோப்புகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் படங்கள், இதயம் துடிக்கிற வீடியோக்கள், எல்லாம் அவள் பொறுப்பு. கோடையிலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார வேண்டிய ஒரு அடித்தள அறையில் பன்னிரண்டு பெட்டி நிறைய ஹார்ட் டிஸ்க்குகள் இருந்தன. சில புதுசு, சில பழசு, ஒன்றுக்கொன்று ஆகாத கம்பெனிகள். அவற்றின் மேல் ஒரு மென்பொருளைப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே குளமாக்கி வைத்திருந்தாள்.

"அப்படின்னா என்னக்கா?" என்று ஒருநாள் தங்கச்சி கேட்டாள்.

"பன்னிரண்டு பீரோ இருக்குன்னு வை. யாருக்கும் பீரோவைக் காட்ட மாட்டேன். ஆளுக்கு ஒரு கதவு மட்டும் காட்டுவேன். திறந்தா அவங்க சாமான் இருக்கும். அது எந்த பீரோவுல எந்தத் தட்டுல இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாது. மென்பொருளுக்குத் தெரியும்."

ஸ்கேன் பிரிவின் தலைவருக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை. ஐம்பது வயது, ஒற்றை ஆள், எப்போதும் சட்டைப் பையில் மூன்று பேனா. மாதம் ஒருமுறை படியிறங்கி வந்து, "மேடம், எனக்கு இடம் பத்தலை" என்பார். ஒருநாள் அவள் ஒரேயடியாக ஐம்பது டெராபைட் இடம் கொடுத்தாள். அவர் திரையைப் பார்த்து வாயைப் பிளந்தார். அப்புறம் யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள், குளத்தில் இருப்பதே இருநூறு, ஆனால் அவள் எல்லாப் பிரிவுக்கும் சேர்த்து முந்நூற்று நாற்பது கொடுத்திருக்கிறாள் என்று. மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

"மேடம், அப்போ நீங்க குடுத்தது பொய்யா?"

"பொய் இல்லை சார். வாக்கு. யாரும் குடுத்ததை முழுசா நிரப்புறதில்லை. உங்களுக்கு வேணும்கிறப்போ இடம் இருக்கும்."

'வேணும்கிறப்போ இருக்கும்.' தன்னிடம் இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை என்று அவர் பின்னாளில் தங்கச்சியிடம் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து இடம் போதுமாக இருந்தபோதும் வந்தார். எட்டு மாதம் வந்தார். ஒன்பதாவது மாதம் கம்பளிச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து, "இது எனக்கு. இங்கேயே தொங்கட்டுமா?" என்று கேட்டார். குடோன் அக்காவுக்குக் காது வரை சிவந்தது. ஆணியைக் காட்டினாள்.

பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். காலை பதினோரு மணி. டோக்கன் பதினேழு. தங்கச்சி முதல்நாள் இரவே அக்காவின் போனைப் பிடுங்கி அணைத்துத் தன் பைக்குள் போட்டுவிட்டாள். "நாளைக்கு ஒருநாள் ஆஸ்பத்திரி தானா மூச்சு விடட்டும்."

பத்தே முக்காலுக்குத் தங்கச்சியின் போன் அடித்தது. அடித்தள அறையின் உதவியாளர். "அக்காகிட்ட குடுங்க! ராத்திரியிலேர்ந்து கூப்பிடுறேன், போன் அணைஞ்சே கிடக்கு!"

குடோன் அக்கா வாங்கிக் காதில் வைத்தாள்.

"அக்கா, குளம் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு."

"என்னது? நேத்து எண்பத்திரண்டுதானே?"

"ஏறிக்கிட்டே இருக்கு. யாரோ எதையோ கொட்டுறாங்க. நான் எதையும் தொடலை, நீங்க தொடாதேன்னு சொன்னீங்க."

தொண்ணூற்றொன்பதைத் தொட்டால் குளம் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். அப்புறம் ஆஸ்பத்திரியில் ஒரு பெயரைக்கூடப் புதிதாக எழுத முடியாது. தங்கச்சிக்குத் தெரியாமல் துணிப்பையின் அடியில் லேப்டாப்பை ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள் குடோன் அக்கா. எடுத்தாள். பேட்டரி சுத்தமாக இல்லை. அந்தக் கூடத்தில் மின்சாரம் வருகிற ஒரே பிளக், எழுத்தரின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது.

"அம்மா, வரிசையில நில்லுங்க" என்றார் எழுத்தர்.

"ஐயா, ஒரு ஆஸ்பத்திரியே நிக்கப்போகுது. கொஞ்சம் நகருங்க."

எழுத்தர் நகர்ந்தார். அவள் முடியில் பூ, மடியில் லேப்டாப், எழுத்தரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கூடத்தில் காத்திருந்த ஜோடிகளெல்லாம் மெல்ல எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். ஒரு குண்டு மாப்பிள்ளை எட்டிப்பார்த்து உரக்கப் படித்தார். "புள்ளி ஆறு!"

"எந்தக் கதவு வழியா வருதுன்னு பார்க்கிறேன்" என்று பட்டியலைத் திறந்தாள். இதயப் பிரிவு இல்லை. ரத்தப் பரிசோதனை இல்லை. ஒரே ஒரு பெயர் மட்டும் விடாமல் வீங்கிக்கொண்டிருந்தது.

மெதுவாகத் தலையைத் திருப்பிப் பக்கத்தில் நின்ற மணமகனைப் பார்த்தாள்.

"சார்... நீங்களா?"

அவர் மூன்று பேனாவையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பழைய படங்களையெல்லாம் அந்தப் புது ஐம்பதுக்கு நேத்து சாயங்காலம் மாத்திவிட்டேன். லீவு முடிஞ்சு வந்தா உங்களுக்கு அந்த வேலை மிச்சமாகட்டும்னு..."

"மாத்தலை சார், நகல் எடுத்திருக்கீங்க! பழசும் இருக்கு, புதுசும் இருக்கு!"

"நீங்கதானே மேடம் சொன்னீங்க, வேணும்கிறப்போ இருக்கும்னு!"

"ஒரே ராத்திரியில மொத்தமும் வேணும்பீங்கன்னு நான் கனாக் கண்டேனா?"

கூடமே கொல்லென்று சிரித்தது. அவளுக்கும் பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. சிரித்துக்கொண்டே, "பாஸ்வேர்டு சொல்லுங்க, நகலை நிறுத்தணும்" என்றாள்.

அவர் தயங்கினார். குனிந்து அவள் காதில் சொன்னார். அது அவள் பெயர், அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம், ஒரு ஆச்சரியக்குறி. அவள் மூன்று முறை தப்பாக அடித்து, நாலாவது முறை சரியாக அடித்தாள்.

நகல் நின்றது. புள்ளி ஏழில். பழைய படங்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு வருஷத்தையும் எண்ணிப் பார்த்த பிறகுதான் நகலை அழித்தாள். ஆனால் எண் அசையவில்லை.

"அழிச்சாச்சே, ஏன் இறங்கலை?" என்றார் எழுத்தர். அவர் இப்போது நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்திருந்தார்.

"கதவுல அழிச்சா பத்தாது ஐயா. காலி ஆயிடுச்சுன்னு கீழே பீரோவுக்கும் சொல்லணும்." ஒரு கட்டளையை அடித்தாள். "இப்போ சொல்லிட்டேன்."

நான்கு நிமிஷம் எல்லாரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளேயிருந்து பதிவாளர் "பதினேழு!" என்று கூப்பிட்டார். யாரும் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். பிறகு அவரே எழுந்து வெளியே வந்து, கூட்டத்தை விலக்கி எட்டிப்பார்த்தார்.

"தொண்ணூற்றைந்து!" என்று கத்தினார் குண்டு மாப்பிள்ளை. "தொண்ணூற்றொன்று! எண்பத்தாறு!" முன்பின் தெரியாத ஒரு மணப்பெண் குதித்தாள். எண்பத்திரண்டில் நின்றபோது கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பதிவாளர் உள்ளே போய்ப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, எழுத்தரின் மேஜையிலேயே வைத்துக் கையெழுத்து வாங்கினார். தங்கச்சி சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இனிமே தைரியமா அத்தான்னு கூப்பிடலாம். அத்தான், இனிமே எதையும் தொடாதீங்க" என்றாள்.

பத்து நாள் லீவில் இருவரும் ஒரு கடற்கரை ஊருக்குப் போனார்கள். அங்கே பொருட்காட்சியில் பெரிய ராட்டினம் இருந்தது. வாழ்நாளில் ஏறியதில்லை என்று குடோன் அக்கா ஏறினாள். இறங்கியதும் மறுபடி ஏறினாள். பத்தாம் நாள் முடிவில் கத்திக் கத்திக் குரல் சுத்தமாகக் கட்டிப்போனது.

திரும்பி வந்த முதல் வேலையே, மூன்று வருஷத்துக்கு முந்தைய படங்களைக் கிளவுடுக்கு, அதாவது வெளியே வாடகைக்குக் கிடைக்கிற பெரிய குடோனுக்கு, அனுப்புவது. அங்கேயும் அடிக்கடி திறப்பதற்கு ஓர் இடம், எப்போதாவது திறப்பதற்கு ஓர் இடம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அவள் இரண்டாவதை எடுத்தாள். அதிலிருந்து ஒரு படத்தைக் கேட்டால் வந்துசேர அரைநாள் ஆகும். இதை விளக்கச் சொல்லி டாக்டர்கள் கூட்டம் போட்டார்கள். குரல் இல்லாததால் அவள் பலகையில் எழுதி எழுதிக் காட்டினாள்.

"அரை நாளா? அவசரம்னா என்ன பண்றது?" என்று இதய டாக்டர் குதித்தார்.

'அவசரமானவரின் படம் இங்கேயே இருக்கும். அவர் நேற்றும் வந்தார், இன்றும் வருவார். மூன்று வருஷமாக வராதவரின் படம்தான் அங்கே போகிறது' என்று எழுதினாள்.

டாக்டர் இரண்டு முறை படித்துவிட்டு உட்கார்ந்தார். பின்வரிசையிலிருந்து அவள் கணவர் மட்டும், கூட்டம் என்பதையே மறந்து, பலமாகக் கைதட்டினார்.