குழாயைக் கண்டால் எல்லாக் கேனையும் நிரப்பாதே

என் தம்பி ஜெரோம் இடது கையால் ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். சட்டைப் பொத்தான் ஆறையும் தானே போட்டது, 2003 ஏப்ரலில். கைலியை அவிழாமல் கட்டியது, அதற்கு அடுத்த மாதம். சித்தையன்கோட்டையில் எங்கள் சித்தி மகள் கல்யாணப் பந்தியில், எதிர்வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இடது கையால் சாப்பிட்டு எழுந்தது. உலகம் அழிந்த பிறகு நடக்கும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை முடித்தது. காதர் பீவி என்பவரின் பிரவுசிங் சென்டரில் வேறு யாரும் அதை முடித்ததில்லை. அந்த விளையாட்டைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக ஒரு தாள் தயாரித்தது. கடைசியாக, அவன் பெயர்.

ஜெயிக்காததையும் சொல்லிவிட வேண்டும். மில்லை அவன் ஜெயிக்கவில்லை. நாங்கள் யாரும் ஜெயிக்கவில்லை.

எங்கள் அப்பா அருளப்பன் 1999இல் இறந்தார். நான் அதற்கு முன்பே எட்டாவதோடு நின்றுவிட்டு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். அடுத்த வருஷம் ஜெரோமும் படிப்பை நிறுத்தினான். வயது பதினைந்து. ஊருக்கு வெளியே இருந்த ஒரு நூல் மில்லில் பதினெட்டுக்குக் கீழே எடுக்க மாட்டோம் என்றார்கள். மேஸ்திரிதான் வழி சொன்னார்.

"சோலைமலைன்னு ஒருத்தன் வேலைய விட்டு நின்னுட்டான். அவன் சீட்டு சும்மாதான் கெடக்கு. நீ அதுல வா."

அன்றிலிருந்து என் தம்பி தினமும் காலையில் 'சோலைமலை' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனான். இரண்டு வருஷம், மூன்று மாதம். வீட்டுக்கு வந்து அந்தக் கையெழுத்தைப் பேப்பரில் போட்டுக் காட்டிச் சிரிப்பான். தன் பெயரில் அவன் எங்கேயும் கையெழுத்துப் போட்டதில்லை. யாரும் கேட்டதில்லை.

2002 அக்டோபரில் பஞ்சு சிக்கெடுக்கும் மிஷினுக்குள் அவன் வலது கை போய்விட்டது. மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல்கடை தூரத்தில் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தவர்கள் சோலைமலை என்றே எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் அம்மா செபாஸ்தியம்மாள் நியாயம் கேட்க மில் கேட்டுக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். கேட்டில் இருந்தவர் பதிவேட்டை விரித்துக் காட்டினார்.

"ஜெரோம்னு இங்க யாருமே வேலை பாக்கலையேம்மா."

"சோலைமலைன்னு போட்டு வந்தவன் எம் மகன்தான்யா."

"சோலைமலை நல்லா இருக்காரு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல மூட்டை தூக்குறாரு. ரெண்டு கையும் இருக்கு. போய்ப் பாத்துட்டு வாங்க."

அம்மா அந்த மில் பக்கம் அதற்குப் பிறகு போகவில்லை.

ஜெரோம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். மூன்று மாதம். வலது கையை எப்போதும் சட்டைக்குள் மடக்கி வைத்திருப்பான். எங்களுக்கும் காட்ட மாட்டான். நான் ஊட்டினால் சாப்பிடுவான், இல்லாவிட்டால் தட்டு அப்படியே இருக்கும். பொத்தான் போடுவது, தலை சீவுவது, எல்லாம் நான். 2003 பிப்ரவரியில் ஒரு நாள் காலையில் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு சாயங்காலம் வரை திறக்கவில்லை. கடைசியில் திறந்தான். உள்ளே என்ன நினைத்துக்கொண்டிருந்தான் என்று நான் கேட்கவில்லை. உள்ளே கிடந்த கயிற்றை எடுத்துக் கொல்லையில் போட்டேன். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. காதர் பீவியின் மகன் வைத்த கடை. அவர் ஷார்ஜா போய்விட, பீவியே பார்த்துக்கொண்டார். கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். ஆனால் வாசலில் ஒரு பதிவேடு வைத்திருப்பார். பெயர், நேரம், கம்ப்யூட்டர் நம்பர், கையெழுத்து. போலீஸ் வந்து பார்ப்பார்கள் என்பதால் கையெழுத்து இல்லாமல் ஈயைக்கூட உள்ளே விட மாட்டார்.

முதல் நாள் அந்தப் பதிவேட்டைப் பார்த்ததும் ஜெரோம் திரும்பிப் படியிறங்கத் தொடங்கிவிட்டான்.

"கை இல்லாட்டி என்ன, ரேகை வையி தம்பி," என்றார் பீவி.

"வேணாம்மா. நான் போறேன்."

நான் குறுக்கே போய் என் பெயரை எழுதி என் கையெழுத்தைப் போட்டேன்.

"ஏம்மா அறிவு, நாளைக்கு ஏதாச்சும்னா ஒன்னயத்தான் புடிப்பாக."

"புடிக்கட்டும் பீவியம்மா."

அன்றிலிருந்து ஒன்றரை வருஷம் நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தது, பதிவேட்டின்படி, அறிவுச்செல்வியாகிய நான்தான்.

அதில் ஒரு விளையாட்டு இருந்தது. பீவியின் மகன் எங்கிருந்தோ வாங்கிவந்த சிடி. பெயர் அழிந்துபோயிருந்தது. உலகம் முழுக்கக் குண்டு போட்டு முடிந்த பிறகு நடக்கும் கதை. வற்றிப்போன ஒரு ஏரிக்குள் துருப்பிடித்த பஸ் நிற்கும். அதிலிருந்து ஒரு ஆள் இறங்குவான். ஒரு கத்தி, ஒரு போர்வை, ஒரு கேன் தண்ணீர். எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மற்ற விளையாட்டுகள் போல அதில் அவசரம் கிடையாது. நாம் ஒரு அடி வைத்தால்தான் எதிராளி ஒரு அடி வைப்பான். நாம் யோசித்து முடிக்கும் வரை நாய்கூட வாயைத் திறந்தபடி நிற்கும். அந்த மில் மிஷின் என் தம்பிக்காக ஒரு நொடிகூட நிற்கவில்லை. இது நின்றது.

தொடங்கும்போது அந்த ஆளுக்கு ஒரு பெயர் கேட்கும். ஜெரோம் இடது கையின் ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தான். சோலைமலை.

"ஏலே, ஒம் பேரப் போடலாம்ல?"

"சாகப் போறவன்தானக்கா. அவன் பேராவே இருக்கட்டும்."

சோலைமலை நிறையத் தடவை செத்தான். ஜெரோம் பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு திரையில் வரும் இங்கிலீஷைக் கூட்டிக்கூட்டிப் படித்தான். 2004 மே மாதம் ஒரு மத்தியானம் விளையாட்டு முடிந்தது. அந்தப் பாழ்நிலத்தைக் கடந்து உயிரோடு வந்தவன் என்று திரையில் கொட்டை எழுத்தில் சோலைமலையின் பெயர் ஏறியது. நான் கைதட்டப் போனேன். அவன் அதற்குள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டான்.

பிறகு பழையபடி ஆகிவிடுவானோ என்று எனக்குப் பயம். மாடிக்கு வருவான், விளையாட மாட்டான், மற்றவர்கள் விளையாடுவதை நின்று பார்ப்பான். ஜூன் மாதம் ஒரு நாள், கடையில் கூட்டமில்லாதபோது, என்னை உட்காரவைத்தான்.

"நீ ஒரு தடவ ஆடுக்கா."

அந்த வருஷம் எங்கள் தெருவில் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வந்தது. விளையாட்டில் பஸ்ஸை விட்டிறங்கிக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு குழாய். பக்கத்தில் காலிக் கேன்கள். நான் ஒன்றை நிரப்பினேன், இன்னொன்றை நிரப்பினேன், பத்தையும் நிரப்பி எடுத்துக்கொண்டேன். அங்கிருந்து நாலடி போவதற்குள் மூன்று நாய்கள் வந்தன. என் ஆள் நகரவில்லை.

"ஏன்டா, ஓட மாட்டேங்குறான்?"

"பத்துக் கேனத் தூக்கிட்டு நீ ஓடுவியா?"

"அதுக்காகத் தண்ணிய விட்டுட்டா போக முடியும்?"

"செத்துட்ட. எந்திரி."

பின்னால் பீவி சிரித்தார். "ஒங்கக்கா மட்டுமா? வார பயலுக பூராம் அங்கனதான்டா சாகுறானுக. கொழாயக் கண்டா நம்ம ஊர்க்காரன் விடுவானா?"

ஜெரோமும் சிரித்தான். ஒன்றே முக்கால் வருஷத்துக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பு. பிறகு, "எழுதி ஒட்டிட்டா நல்லாருக்கும்," என்றான்.

நாலு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஸ்கேல் வைத்து ஓரம் விட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல். முதல் வரி: குழாயைக் கண்டால் எல்லாக் கேனையும் நிரப்பாதே, ஒன்று போதும், அடுத்த குழாய் பாலத்துக்கு அடியில் இருக்கிறது. தொடக்கத்தில் கொடுக்கும் புள்ளிகளையெல்லாம் பலத்தில் கொட்டாதே, பாதியைப் பேச்சில் போடு, பேசியே தப்பிக்கக்கூடிய சண்டைகள் நிறைய உண்டு. நடக்கிற அடிகளை எண்ணு, பின்வாங்க இரண்டு அடி மிச்சம் வை. ஓடுவது தோற்பது ஆகாது. துணி கிடைத்தால் விற்காதே, கட்டுப்போடத் துணி இல்லாமல் செத்தவர்கள்தான் அதிகம். விளையாட்டைச் சேமிக்கும்போது ஒரே இடத்தில் சேமிக்காதே, இரண்டு இடத்தில் மாற்றி மாற்றிச் சேமி, எதிரி கண்ணில் படும்போது சேமிக்காதே, பிறகு எத்தனை தடவை திறந்தாலும் அதே சாவில்தான் திறக்கும். யாரையும் ஒரு தடவை கேட்டு விட்டுவிடாதே, இரண்டாம் தடவைதான் உண்மையைச் சொல்வார்கள்.

கடைசி வரி இது. கையில் அடிபட்டால் பெரிய துப்பாக்கியைத் தூக்க முடியாது, அதனால் கத்தியை முதலிலிருந்தே பழகிக்கொள். எழுதினேன்.

தாளின் அடியில், கேட்காமலே, 'ஜெரோம்' என்று என் கையெழுத்தில் அழகாக எழுதினேன். அவன் தாளை வாங்கிப் பார்த்தான். பல்லால் ஒரு முனையைப் பிடித்து அந்தப் பகுதியைக் கிழித்தான்.

"எம் பேர அடுத்தவங்க எழுதுனது போதும்க்கா."

"நான் அடுத்தவளாடா?"

அன்று சாயங்காலம் அவன் எனக்கு நாலடி முன்னாலேயே வீட்டுக்கு நடந்தான். நான் செய்ததெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. ஊட்டியது, சீவியது, பதிவேட்டில் ஒன்றரை வருஷம் அவன் இடத்தில் கையெழுத்துப் போட்டது. எதைக் குறைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் முழுத் தாளையும் திரும்ப எழுதினேன். அடியில் இரண்டு அங்குலம் வெறுமையாக விட்டேன்.

அதைப் பன்னிரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று மாடிச் சுவரில். மற்றவற்றை வந்தவர்கள் வாங்கிப் போனார்கள். பாலிடெக்னிக்கில் படித்த விக்னேஷ்குமார் ஒன்றை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோனான். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பையன், பேச்சில் மரியாதை கூடுதல். குழாயைத் தாண்டிப் பாலம் வரை போய்விட்டதாக ஒரு நாள் ஓடிவந்து சொன்னான். ஆகஸ்ட் இரண்டாவது வாரம் அவன் அந்தத் தாளைக் கம்ப்யூட்டரில் அடித்து, பெரிதாக அச்செடுத்துக் கொண்டுவந்து, சுவரில் பழைய தாளின் மேலேயே ஒட்டினான். ஜெரோம் மாடி ஏறி வந்ததும் பெருமையாகக் காட்டினான். மேலே தலைப்பு: 'புதியவர்களுக்குச் சோலைமலை அண்ணன் சொல்வது'. கம்ப்யூட்டரில் சேமித்திருந்த பெயரைப் பார்த்து வைத்திருக்கிறான்.

"ஏனுங்கண்ணா, ஹாஸ்டல்ல பூராம் உங்க பேருதானுங்க. சோலையண்ணன் சோலையண்ணன்னு."

"அது எம் பேரு இல்ல."

"அப்புறம் யாரு பேருங்க?"

"ஒங்கூருல மூட்டை தூக்குறவரு பேரு. அவருக்கு ரெண்டு கையும் இருக்கு."

விக்னேஷ்குமார் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். பிறகு சட்டைக்குள் மடங்கியிருந்த கையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். ஜெரோம் சுவருக்குப் போய் அச்சுத் தாளைப் பிய்த்தான். கீழே என் தாள் இருந்தது. அதையும் ஓரம் கிழியாமல் மெதுவாக எடுத்தான். பீவியின் மேஜைக்குக் கொண்டுவந்தான். சத்தம் கேட்டு நான் மேலே வந்திருந்தேன்.

"பேனா குடுக்கா."

கொடுத்தேன். மின்விசிறிக் காற்றில் தாள் பறந்தது. பிடித்துக்கொள்ளப் போனேன்.

"நீ புடிக்காத."

சட்டைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்தான். வெளியாட்கள் முன்னால் அதுவே முதல் தடவை. அதன் முனையைத் தாளின் ஓரத்தில் அழுத்தி வைத்தான். தாள் நின்றது. பிறகு இடது கையால் எழுதினான். ஜெ எழுதவே நேரம் பிடித்தது. படியில் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

"எம்புட்டு நேரம்மா?" என்றான் ஒருவன்.

"வாய மூடிட்டு நில்லு," என்றார் பீவி.

எழுத்துகள் சரிந்து, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, நான் விட்டிருந்த இரண்டு அங்குலத்தையும் தாண்டி ஓரத்தில் ஏறின. ம் மேலே புள்ளி வைத்துவிட்டுப் பேனாவை மூடாமல் வைத்தான். பீவி பதிவேட்டை அவன் பக்கம் திருப்பினார். அதிலும் போட்டான், நாலாம் நம்பருக்கு நேரே.

அந்த சிடி அதற்கடுத்த வருஷம் கீறல் விழுந்து ஓடாமல் போனது. பிரவுசிங் சென்டர் இப்போது இல்லை. மில் இருக்கிறது. பதிவேட்டில் சோலைமலை இன்னும் இருப்பார் என்று நினைக்கிறேன். தாள் என்னிடம் இருக்கிறது. அன்று அவன் எழுதி முடித்ததும், தேதியையாவது நான் எழுதட்டுமா என்று கேட்டேன். அதை மட்டும் என்னிடம் விட்டான். எழுதினேன்: 14.8.2004, சனிக்கிழமை.