ஒரு பக்கத்துப் பட்டியல்

ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கண்ணாடி அக்கா என்று பெயர். மேஜை முழுக்க நிற்கும் குட்டிக் கண்ணாடிகளைத் திருகித் திருகி லேசர் ஒளியைச் சரியான இடத்தில் விழ வைப்பதுதான் இருபத்திரண்டு வருட உத்தியோகம். யாராவது மறந்துபோய் அந்த மேஜையில் சாய்ந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

அங்கே ஒளித்துகள்கள் ஜோடி ஜோடியாகப் பிறக்கும். ஒன்றை இங்கேயே அளப்பார்கள். மற்றது கண்ணாடி இழை வழியாகத் தெருக்கோடிக் கட்டடத்துக்குப் போகும். அளந்து கிடைத்த பதில்களுக்கு அங்கே ஒரு பட்டியல், இங்கே ஒரு பட்டியல். வெள்ளிக்கிழமை இரண்டையும் ஒப்பிட்டால், எவ்வளவு தள்ளி இருந்தாலும் ஒன்றின் பதிலோடு மற்றதன் பதில் பொருந்தி வரும்.

இதைக் கேட்ட நாளிலிருந்து அக்காவுக்குத் தங்கை ஞாபகம்தான். எட்டு வருடத்துக்கு முன் தங்கை தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டபோது, இனி என் முகத்தில் விழிக்காதே என்று சொல்லித் தொலைத்தவர் இவரே. வாயை அடக்கியிருக்கலாம். அப்புறம் பேச்சுவார்த்தையே இல்லை. கூடப் பிறந்தவளுக்காக மனசு அடித்துக்கொள்ளும்போதெல்லாம், தொழில் புத்தி எங்கே போகும், தேதியும் மணியும் நொடியும் போட்டு ஒரு நோட்டில் குறித்துவந்தார். அங்கே அவளுக்கும் அதே நேரத்தில் ஏதாவது தோன்றியிருக்காதா என்று ஒரு நப்பாசை.

இங்கே அளப்பது அங்கே சேதியாகப் போகுமா என்று ஆய்வுக்கூடத்துப் பேராசிரியையிடம் கேட்டேவிட்டார். போகாது என்றார் அந்த அம்மா. பொருத்தம்கூட முழுசு இல்லையாம். அளப்பது என்பது துகளிடம் ஒரு கேள்வி கேட்பது மாதிரி. முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டு இரண்டு பேர் தனித்தனி அறையில் பதில் சொன்னால் அதிகபட்சம் நூற்றுக்கு எழுபத்தைந்து பொருந்தும்; இந்தத் துகள்களுக்கு எண்பத்தைந்து. ஒரு கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்ன துகள் இன்னொரு கேள்விக்குப் பிடி கொடுக்காது. அந்த நிச்சயமின்மைதான் பொருத்தத்துக்கும் எல்லை கட்டுகிறது.

"ஒரு பட்டியல மட்டும் வச்சுக்கிட்டு எத்தன வருஷம் பாத்தாலும் ஒண்ணும் புரியாதும்மா. அந்தப் பக்கத்துப் பட்டியலும் வேணும்" என்றார் பேராசிரியை.

அன்று மத்தியானமே அக்கா பழைய எண்ணுக்குப் போன் போட்டார். தங்கைதான் எடுத்தாள். மன்னிப்புக் கேட்க நினைத்த அக்காவுக்கு வாயில் வந்ததென்னவோ வேறு.

"என் ஞாபகம் வந்த நாளெல்லாம் எங்கயாச்சும் குறிச்சு வச்சிருக்கியா?"



"இல்லக்கா. குறிக்கணும்னா நடுவுல ஒரு நாளாவது மறந்திருக்கணும்ல?"