பெருமாள் அண்ணே சாட்சி சொன்ன கதை

இதை எழுதலாமா, வேண்டாமா என்று வருடக்கணக்கில் தயங்கிக்கொண்டிருந்தேன். இந்தப் பத்தியை வாராவாரம் முதலில் படிப்பவள் என் மனைவி. படிக்கத்தான் அவளால் முடியும்… காது கேட்காது.

போன வெள்ளிக்கிழமை பெருமாள் அண்ணே எங்கள் வீட்டுக் கேட்டருகே வந்து நின்றார். சுங்காய் பக்கத்து எஸ்டேட்டில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் நாங்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் அவரும் ஈப்போ டவுனுக்கு வந்து ஃபேக்டரியில் சேர்ந்தார்.

"தம்பி, எம் மவளுக்குக் காதுக்குள்ள வண்டு கத்துதாம்…"

"இருமலுக்கு ஊசி போட்டீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டார்.

"அதே கிளினிக்கா அண்ணே?"

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்.

அன்றைக்கு என் மனைவி சொன்னதும் இதே வார்த்தைதான் - வண்டு.

அவளுக்கு நாள்பட்ட இருமல். தமிழ் பேசும் டாக்டர், சுவரில் கண்ணாடி போட்ட சர்ட்டிபிகேட், அதற்கு மேலே முருகன் படம். நம்பாமல் இருப்போமா? ஊசி போடாதவரை நம் ஆட்கள் டாக்டர் என்றே ஒப்புக்கொள்வதில்லையே! ஆனால் டாக்டர் பாதி நாள் காம்பார் டவுனில் இன்னொரு கிளினிக்கில் இருப்பார். இங்கே ஊசி போட்டது, கவுண்டரில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் ஆள். காது இரைகிறது என்று அவள் சொன்னபோது, "பலகீனம்மா, இன்னும் போட்டா சரியாப் போவும்" என்றதும் அவன்தான்.

அந்த ஊசியால் காது நரம்பு செத்துவிட்டது என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில்.

டாக்டர் இல்லாதபோது கவுண்டர் ஆள் ஊசி போட்டான் என்று புகார் போட்டேன். டாக்டர்களுக்கு லைசென்ஸ் கொடுப்பவர்கள், பறிக்கவும் கூடியவர்கள், கோலாலம்பூருக்குக் கூப்பிட்டார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். கண்ணால் பார்த்த சாட்சி உண்டா என்று கேட்டார்கள். அன்று கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெருமாள் அண்ணே ஒருவர்தான் பார்த்தவர்.

"முருகன் மேல சத்தியம், வாரேன் தம்பி" என்றிருந்தார். வந்தார்.

"ஊசி போட்டது யார்?"

"டாக்டர்தாங்க ஐயா. வேற யாரு போடுவா?"

அவ்வளவுதான். அதோடு என் புகார் செத்தது.

வெளியே வந்ததும் ஏன் இப்படி என்று அண்ணனிடம் கேட்டேன். "என்னை என்னா பண்ணச் சொல்ற? அவரு லைசென்ஸ் போச்சுன்னா நமக்கு யாரு எம்சி லீவுச் சீட்டு குடுப்பா? காய்ச்சல்ல கெடந்தாலும் சீட்டு இல்லேன்னா சம்பளத்தப் புடிச்சிருவான் லா!"

தோட்டத்தில் நோயில் படுக்கக்கூட ஒருவர் தயவு வேண்டியிருந்தது. டவுனுக்கு வந்தும் அந்தப் பழக்கத்தை விட்டோமா? சட்டம் இருக்கிறது. விசாரிக்க ஆட்கள் இருக்கிறார்கள். சொல்ல வாய் எங்கே?

அன்று அந்த வாசலில், எதுவும் காதில் விழாத என் மனைவி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாரும் பயந்தாங்க. நீங்க மட்டுந்தான் வந்தீங்கண்ணே." அந்த முகத்தைப் பார்த்து அவர் சொன்ன பொய்யை எப்படிச் சொல்வது? சொல்லாமலே விட்டுவிட்டேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை பூஜைப் பொங்கலில் ஒரு கிண்ணம் அவருக்கு.

"ஊசிய இன்னைக்கே நிறுத்துங்க. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன் போன வெள்ளியன்று. "இப்பவாவது உண்மையச் சொல்றீங்களா அண்ணே?"

"இப்ப சொன்னா… அப்ப சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னவன்னு ஆயிருமே தம்பி."

அதற்குள் என் மனைவி கிண்ணத்தோடு வந்துவிட்டாள். "வெளியவே நிக்கிறீங்களே, வாங்கண்ணே!" அவர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். கண்ணைத் தூக்கவில்லை.

கிளினிக் இன்றும் திறந்திருக்கிறது. முருகன் படமும் அங்கேதான் இருக்கிறது. வீட்டு முருகனுக்கு நான் தினமும் விளக்கேற்றுகிறேன்… அவனிடம் என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை.

இதை அவளும் படிப்பாள். படிக்கட்டும். நீங்களும் உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் இதை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம். குறைக்கவும் மாற்றவும் வேண்டாம்… மாற்றிச் சொன்னதன் பலனை நாங்கள் பார்த்துவிட்டோம்.