அப்பா காற்றடித்த ஆர்கன்

கிர்ர்... புஸ். கிர்ர்... புஸ்.

எங்கள் வேதக்கோயில் ஆர்கனுக்குப் பின்னாலிருந்து வரும் சத்தம் அது. பொன்மலைப் பக்கம் வளர்ந்த சிலருக்காவது ஞாபகம் இருக்கும்.

கரண்டில் ஓடுகிற ஆர்கன் இல்லை. பின்பக்கம் ஒரு இருட்டு மூலையில் பெரிய தோல் துருத்தி, அதற்கு ஒரு மரப்பிடி. முன்னால் ஒருவர் வாசிக்கும்போது பின்னால் ஒருவர் அந்தப் பிடியை ஏற்றி இறக்கிக் காற்றடிக்க வேண்டும். வௌவால் புழுக்கையும் பழைய தோலும் கலந்து ஒரு வாடை அடிக்கும். யாரும் ஆசைப்பட்டுப் போகிற இடமில்லை.

எங்கள் அப்பாவின் இடம் அதுவல்ல. ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர் அவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா, பாடகர் குழுவின் முதல் வரிசை. குழுவுக்கு அவர்தான் தலைவர். அவர் பாட ஆரம்பித்தால் வெளியே சைக்கிளைப் பூட்டிக்கொண்டு நிற்பவர்கள்கூட அவசரமாக உள்ளே வருவார்கள். அதே குழுவில் பாடிய எனக்கு அதில் ஏகப்பட்ட கர்வம்...

அறுபதுகளின் ஆரம்பம். நான் டீச்சர் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அப்பாவின் தொண்டையில் முதலில் கரகரப்பு, பிறகு வலி. டாக்டர் பார்த்துவிட்டு ஆபரேஷன் என்றார். உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் இருக்காது என்றும் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின சாயங்காலம் வீட்டு ஜெபத்தில் அப்பா ஒரு பாட்டு முழுவதையும் பாடினார். ஒரு சரணமும் விடவில்லை. அம்மாவும் நானும் அழுதோம். அவர் அழவில்லை.

"ஆண்டவரு குடுத்த குரல்தானே பாப்பா. இவ்வளவு நாளு வச்சுக்கடான்னு விட்டாரே, அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லு."

நான் சொல்லவில்லை. ஊரில் எத்தனையோ பேர் வாயைத் திறந்தால் வம்பு மட்டும்தான் பேசுகிறார்கள், அவர்களையெல்லாம் விட்டுவிட்டு அப்பா குரல்தான் கிடைத்ததா என்று எனக்கு ஆத்திரம். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ரங்கநாயகி டீச்சரிடம் புலம்பினால், "எல்லாம் பெருமாள் திருவுள்ளம்டி. நாம என்ன பண்ண முடியும்?" என்றாள். வீட்டிலும் இதே பேச்சு, ஸ்கூலிலும் இதே பேச்சா என்று அவளிடமும் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்து வந்த அப்பாவிடம் மிச்சம் இருந்தது ஒரு கிசுகிசுப்பு மட்டும். உடம்பு தேறியதும் நேரே போதகரிடம் போய் நின்றார்.

"குரல்தான் போச்சுங்க. கை ரெண்டும் நல்லா இருக்கு. ஆர்கனுக்கு நான் காத்தடிக்கிறேங்க."

கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குழுத் தலைவர் போய் வௌவால் மூலையில் நிற்பதா? அன்றோடு நான் பாடகர் குழுவை விட்டு விலகி, பெண்கள் பக்கம் அம்மாவோடு பாயில் உட்கார்ந்துகொண்டேன். பாட்டு வந்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்வேன்.

"ஆண்டவர்கிட்ட கோவிச்சுக்கிட்டு எங்கடி போவே?" என்பாள் அம்மா.

ஆர்கன் பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு இடுக்கு உண்டு. அதன் வழியாக அப்பா என் மூடிய வாயைப் பார்த்துக்கொண்டே காற்றடிப்பார்.

அப்படியே, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை வந்தது. வாழைத்தார், பூசணிக்காய், புது நெல்... யாரோ வையம்பட்டியிலிருந்து ரெண்டு கோழிகளைக் காலைக் கட்டிக் கொண்டு வந்து பீடத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். கோயில் கொள்ளாத கூட்டம்.

நன்றிப் பாட்டு. பாதிப் பாட்டில் ஆண்குரல்கள் தாளத்தை விட்டுப் பிந்தின. இத்தனை வருஷமும் குரல் பிந்தினால் அப்பா வலது கையை உயர்த்தித் தாளம் காட்டி இழுத்துப் பிடிப்பார். பழக்கதோஷம்... துருத்திப் பிடியில் இருந்த கை தானாக மேலே போய்விட்டது.

காற்று நின்றது. ஆர்கன் காய்ச்சல் கண்ட எருமை மாதிரி முனகிவிட்டு அடங்கியது. ஆர்கனை நம்பிப் பாடிக்கொண்டிருந்த குழுவும் கப்சிப். அந்த அமைதியில் கோழி ஒன்று கத்த, பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அப்பாவைப் பார்த்துச் சிரிக்கப் போகிறார்கள் என்பது மட்டும்தான் என் மனதில் ஓடியது. எழுந்து நின்றேன். விட்ட இடத்திலிருந்து அடுத்த அடியை எடுத்தேன்.

தனியாக ஒரு முழு அடி. ஸ்தோத்திரம் சொல்லும் அடி அது. சொல்லமாட்டேன் என்று மாதக்கணக்கில் இறுக்கிக்கொண்டு இருந்தவள், கோயில் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. நிறுத்தத் தோன்றவில்லை. அத்தனை நாள் நெஞ்சில் இருந்த பாரம் கரைந்து போவது தெரிந்தது. பக்கத்தில் அம்மா சேர்ந்துகொண்டாள், பிறகு பாய்கள், பெஞ்சுகள், கடைசியில் குழு. அதற்கப்புறம் கேட்டது... கிர்ர், புஸ். ஆர்கனும் வந்து சேர்ந்தது.

ஆராதனை முடிந்து வெளியே காணிக்கை வாழைத்தார் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அப்பா ஜிப்பா முழுக்கத் தூசியோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். காதருகே குனிந்து கிசுகிசுத்தார்.

"நல்லா எடுத்தே பாப்பா. மேல்ஸ்தாயிலதான் கொஞ்சம் இறங்கிருச்சு."

அடுத்த வாரமே நான் குழுவுக்குத் திரும்பிவிட்டேன். அப்பா உடம்புக்கு முடிகிற வரைக்கும் காற்றடித்தார். ஒவ்வொரு ஆராதனை முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் ஒரு ஸ்தோத்திரம் சொல்வார். உதடு அசைவது மட்டும் தெரியும்.

இப்போது நான் போகிற கோயிலில் கீபோர்டு, ஸ்பீக்கர், பாட்டு வரிகளுக்கு ஸ்க்ரீன். பிள்ளைகள் நன்றாகத்தான் வாசிக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். நடுப்பாட்டில் கரண்ட் போனால்தான் கஷ்டம். எல்லாத் தலையும் ஜெனரேட்டர் ரூம் பக்கம் திரும்பிவிடும். எனக்கு மட்டும் வாய் நிற்காது, அடுத்த அடியை எடுத்துவிடுவேன்.

"பாட்டி, கரண்ட் வந்துரும், கொஞ்சம் இருங்க" என்று பேத்தி இடிப்பாள்.

வரட்டும். நான் பாடிக்கொண்டுதான் இருப்பேன்.

மேல்ஸ்தாயியில் இன்னமும் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது... காதருகே குனிந்து சொல்லத்தான் அப்பா இல்லை.