உண்டியலில் ஒரு கார்

நாற்பத்திரண்டு வயதில் நான் ஒரு பொம்மைக் காரைத் திருடினேன்.

சிரிக்கிறீர்களா? சிரித்துக்கொண்டே படியுங்கள். முடிக்கும்போது அந்தச் சிரிப்பு எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்போம்.

அப்போது நான் இரண்டு பெண்களுக்குத் தகப்பன். சங்கரன்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். வாரப் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதி, நாலு பேர் பார்த்தால் வணக்கம் சொல்லும் அளவுக்குப் பிரபலம். மனிதர்களின் அற்பத்தனத்தைக் கேலி செய்வது என் தொழில்! அதற்கு ஆள் தேடி நான் தெருத் தெருவாக அலைந்திருக்கவே வேண்டாம்...

எண்பதுகளின் தொடக்கம். என் நண்பர் சாகுல், கடையநல்லூர்க்காரர், தேரடிப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்தார். துபாயில் இருந்த அவர் தம்பி விடுமுறையில் வந்தபோது அந்தக் காரைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளங்கை நீளம், வார்ப்பு உலோகம், கையில் வைத்தால் கனத்தது. கரும்பச்சை நிறம், திறந்த மேல்புறம், நீண்ட மூக்கு, கம்பி போட்ட சக்கரங்கள், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு ஸ்டியரிங். ஐம்பதுகளில் இங்கிலாந்துச் சாலைகளில் பறந்த ஸ்போர்ட்ஸ் காரின் அச்சு அசல். ஊருக்குள் சைக்கிள் மிதிக்கும் நான், ஆங்கில நாவல்களில் அந்தக் காரை இருபது வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சாகுல் அதைக் கண்ணாடி அலமாரியில், பட்டுச் சேலைகளுக்கு நடுவே வைத்தார். தினமும் பேப்பர் படிக்கிற சாக்கில் நான் போய் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். சாகுல் தொழுகைக்குப் போயிருந்தார். கடையைப் பார்த்துக்கொண்ட பிச்சையா, பதினோரு வருடமாக அங்கே வேலை செய்பவர், உள்ளறையில் புதுக் கட்டு பிரித்துக்கொண்டிருந்தார்; நான் வந்தது அவருக்குத் தெரியாது. அலமாரிக் கதவு ஒருக்களித்திருந்தது. என் கை உள்ளே போனது... காரை எடுத்தது... கால்சட்டைப் பைக்குள் வைத்தது.

என் கை! வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு சாகசம் அறியாத கை! தெருவில் இறங்கி நடந்தபோது தொடையில் அதன் கனம் இடித்தது. நானா? நான்தானா? இன்றுவரை எனக்கு நம்பமுடியவில்லை.

அன்று சாயங்காலம் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு துவைகல்லின் மேல் காரை ஓட்டினேன். வாயால் சத்தம் வேறு கொடுத்தேன். இதைச் சொல்லும்போது எனக்கே காது சுடுகிறது. வலது கதவு அழகாகத் திறந்தது. இடது கதவு திறக்கவில்லை. முதல் நாளே அவசரம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, யாரும் பார்க்காதபோது இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம் என்பது என் உத்தேசம்.

மறுநாள் கடைக்குப் போனேன். சாகுல் பிச்சையாவை நிற்க வைத்திருந்தார்.

"கடையில இருந்தது நீ ஒருத்தன்தான். பின்ன காருக்குக் காலா முளைச்சிது?"

"முதலாளி, எம் புள்ளைக மேல சத்தியமா நான் தொடல. தொடைக்கத் தவிர அதத் தொட்டதே இல்ல."

சாகுல் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. வேற யாரு?"

பிச்சையாவும் என்னையே பார்த்தார். இந்த ஒரு நல்ல மனுசன் நமக்காகப் பேசுவான் என்ற பார்வை.

நான் பேசினேன். "இந்தக் காலத்துல யாரை நம்புதது, சாகுல்..."

கவனித்தீர்களா? திருட்டு என்னவோ என் கை செய்தது. இதைச் செய்தது வாய். முழு நினைவோடு, பெருமூச்சோடு செய்தது!

பிச்சையா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் பாம்பு, தேள் நடமாட்டம் இருந்தால் அதன் உருவத்தைத் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவார்கள். அத்தோடு தொல்லை ஒழியும் என்பது நம்பிக்கை. என் வீட்டில் நடமாடிய விஷஜந்து எதுவென்று எனக்குத் தெரியும். உண்டியல் திறந்தால் கார் வெளியே வரும். சேதி ஊரெல்லாம் பரவும். சாகுலுக்குக் கார் கிடைக்கும். பிச்சையாவுக்கு வேலை கிடைக்கும். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில், வாய் அகன்ற துணி உண்டியல் ஒன்றில் போட்டுவிட்டுக் கன்னத்திலும் போட்டுக்கொண்டேன்.

உண்டியல் எண்ணிய அன்று, பாம்பும் தேளுமாய்க் குவிந்த தகடுகளுக்கு நடுவே பச்சைக் கார்! டீக்கடை முழுக்க அதே பேச்சு.

"எவனோ காரு வாங்கணும்னு நேந்து போட்டுருக்கான்லே."

"கிறுக்குப்பயலா இருப்பான் போல. பாம்பப் போட்டா பாம்பு போயிரும். காரப் போட்டா இருக்க காருல்லா போயிரும்?"

நான் சாகுலிடம் ஓடினேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"பாத்தீயளா அண்ணாச்சி? எங்காளு எவனும் எடுத்திருந்தா உங்க கோயில்லயா கொண்டு போடுவான்? பிச்சையாவேதான்! பயந்துபோய் சாமிகிட்ட ஒப்படைச்சிட்டான். அது சாமிக்குப் போனது, நான் திருப்பிக் கேக்க மாட்டேன். அவனையும் மன்னிச்சிட்டேன். நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. நீங்க சொன்னா கேப்பான்."

பிச்சையாவைக் காப்பாற்ற நான் போட்ட கார், அவர் மேலேயே ஏறி இறங்கிவிட்டது!

பிச்சையா ராயகிரியில், மச்சினன் தோட்டத்தில் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். பட்டு மடித்த கைகளில் முழங்கை வரை சேறு. சேதியைச் சொன்னேன்.

"மன்னிப்பா? அத வாங்கிக்கிட்டா நான் எடுத்தவன்னு ஆயிரும்லா, அண்ணாச்சி? வரலன்னு சொல்லிருங்க."

அப்போதுதான் சொன்னேன். எல்லாவற்றையும்... கை, பை, துவைகல், உண்டியல். ஒரு அறை விழும் என்று கன்னத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

அறை விழவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"முதலாளிகிட்ட சொல்லிட்டீயளா?"

"இன்னும் இல்ல."

வருடங்கள் ஓடிவிட்டன. அந்த 'இன்னும்' இன்னும் முடியவில்லை. இன்றைக்கும் சாயங்காலம் சாகுல் கடையில் உட்கார்ந்துதான் பேப்பர் படிக்கிறேன். பிச்சையா என்ற பெயர் வந்தால் பக்கத்தைத் திருப்புகிறேன். உங்களிடம் சொல்லிவிட்டேனே, பாரம் இறங்கியதா என்று கேட்காதீர்கள். இறங்கவில்லை.

பிச்சையா அன்று குனிந்து ஒரு வாய்க்காலை அடைத்தார், அடுத்ததைத் திறந்துவிட்டார். பிறகு நிமிர்ந்து, உண்மையாகவே புரியாதவரைப் போலக் கேட்டார்:

"அதுக்கு இடது பக்கக் கதவு தொறக்கவே தொறக்காதே... அதையா எடுத்தீய?"