மெற்றில்டா அக்கா எழுதிய பலவீனங்கள்

செவ்வாய்க்கிழமை காலை மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ரிஸ்வான் அழைத்தார். வகுப்பில் நான் தொலைபேசி எடுப்பதில்லை. இரண்டாவது முறையும் அடித்ததால் வெளியே வந்து எடுத்தேன்.

"மாஸ்டர், மெற்றில்டா அக்கா மோசம் போயிட்டா. விடிய வேலைக்கு வெளிக்கிடேக்கை விழுந்திட்டாவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே முடிஞ்சுதாம்."

"ஓம்" என்று மட்டும் சொன்னதாக நினைவு. திரும்பி உள்ளே போய், கரும்பலகையில் பாதியில் நின்ற கணக்கைச் செய்து முடித்தேன். நாலு மாதமாக நான் அக்காவோடு பேசியிருக்கவில்லை. அவரை அறிந்த உங்களில் பலருக்கு இது தெரியாது. தெரியவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊரான உப்புக்குளத்தில் பலருக்கு அவர் பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள பார்மசியில் மருந்து தருகிறவர். கனடாவில் இருக்கும் அவருடைய தம்பி ஒருமுறை வந்தபோது ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே தடித்த விதிப் புத்தகம் ஒன்றும் பல முகங்கள் கொண்ட பகடைகளும் இருந்தன. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பூதங்களும் மந்திரவாதிகளும் உலாவும் உலகத்தில் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். அக்கா ஒரு வருடம் இருந்து அந்த விதிகளைத் தமிழில் எழுதினார். பிறகு ஞாயிறு பின்னேரங்களில் அவர் வீட்டில் கூடினோம்: அக்கா, மின்சார வேலை செய்யும் ரிஸ்வான், படகு எஞ்சின் திருத்தும் செபமாலை, நான். பகடைகளை அவர் வெற்று மாத்திரைப் போத்தல் ஒன்றில் வைத்திருப்பார். கச்சான் காற்றில் தாள்கள் பறக்காமல் சங்குகளைத் தூக்கி வைப்பார்.

இந்த ஆட்டத்துக்கென்று தமிழில் சாகசங்கள் எழுதுகிறவர்கள் அங்கொருவர் இங்கொருவராக இருக்கிறார்கள். அவற்றை மதிப்பிட அக்கா இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தார். தலைப்புகள் இரண்டுதான்: பலம், பலவீனம். வெறுமனே வாசித்துவிட்டு ஒருபோதும் எழுதமாட்டார். "வாசிக்கேக்கை எல்லாம் நல்லாத்தான் இருக்கும். நாலு பேர் இருந்து ஆடேக்கைதான் எங்க ஓட்டை எண்டு தெரியும்" என்பார்.

மட்டக்களப்பிலிருந்து ஒருவர் அனுப்பிய சாகசத்தை மூன்று ஞாயிறு ஆடினோம். குகையில் ஒரு பூதம் பொய் சொல்லும். அந்தப் பொய்யைக் கண்டுபிடித்தால்தான் மேலே போகலாம். செபமாலையின் பகடை சறுக்கியது. அதோடு கதையும் நின்றுபோனது. அக்கா எழுதினார்: "பலம்: பூதம் பொய் சொல்லும் விதம். பலவீனம்: பொய்யைக் கண்டுபிடிக்க ஒரேயொரு வழி. அது அடைபட்டால் ஆடுகிறவர்கள் கொட்டாவி விட வேண்டியதுதான்." எழுதியவர் தொலைபேசியில் சத்தம் போட்டார். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "கோவியுங்கோ தம்பி, பரவாயில்லை. ஆனா மூண்டு வழி வையுங்கோ" என்றார். அவரும் மூன்று வழி வைத்தார். அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

என் முறை வந்தபோது சிரிப்பு வரவில்லை.

நான் எழுதிய சாகசத்தின் பெயர் உப்புக்கோட்டை. கடலோரத்தில் ஒரு நகரம். ஒரு மந்திரவாதி அரசன் அதைப் பிடிக்கிறான். அவனுடைய அறிவிப்பாளன் பறையடித்து, பொழுதுபடுவதற்குள் எல்லோரும் வெளியேற வேண்டும், ஆளுக்கு ஒரு மூட்டை மட்டும் கொண்டுபோகலாம் என்று சொல்கிறான். வீரர்கள் அந்த மக்களைக் காவல் செய்து அலைகரையோரமாக அழைத்துப்போக வேண்டும். நான் எழுதியதில் இதுவே உயர்ந்த காட்சி என்று நினைத்திருந்தேன்.

ரிஸ்வான் விடத்தல்தீவுக்காரர். யுத்த காலத்தில், அவருக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஊரிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரோடும் அவருடைய குடும்பத்தையும் தமிழ் ஆயுத இயக்கம் வெளியேற்றியது. புத்தளத்து முகாமில் வளர்ந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அந்தத் துயரத்துக்கு மரியாதை செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று அவர் வீரனாக இல்லாமல், வெளியேற வேண்டிய நகரத்துக் கொல்லனின் பாத்திரத்தை எடுத்திருந்தார். அக்கா நடத்தினார். அறிவிப்பாளனின் வார்த்தைகளை அவர் வாசித்து முடித்ததும், ரிஸ்வான் கையிலிருந்த பகடையை மேசையில் வைத்துவிட்டு எழும்பினார். "கொஞ்சம் வெளியில போட்டு வாறன்" என்றார். அவருடைய மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது.

அக்கா தாள்களை அடுக்கினார். "இண்டைக்குக் காணும், நிப்பாட்டுவம்."

"அக்கா, முழுக்க ஆடாமல் எப்பிடி?"

"தெரிஞ்சுதான் எழுதினீங்களோ மாஸ்டர்?"

"ஓம். நானும் இடம்பெயர்ந்தவன்தானே."

"நீங்கள் திரும்பி வரேக்கை உங்கட வீடு உங்கட பேரிலதான் இருந்தது" என்றார் அக்கா. செபமாலை எழும்பிப் போய் வாசலில் நின்றார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை மதிப்பீடு வந்தது. பலம் என்பதன் கீழ் நிறைய எழுதியிருந்தார்: வரைபடம் தெளிவு, அரசனுக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது, முடிவு ஆடுகிறவர்களின் கையில் இருக்கிறது. பலவீனத்தில் இரண்டே வசனங்கள். "வெளியேற்றப்படுகிறவர்களுக்கு இதில் செய்ய ஒன்றுமில்லை. பக்கத்தில் நிற்பவர்களுக்குத்தான் எல்லா வேலையும்."

பலவீனத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். "இருந்தால் ரெண்டும் இருக்கட்டும் மாஸ்டர்" என்றார். அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு. அவருக்கு ஒரு கதையை ஆடிப் பார்க்கவும் பொறுமையில்லாமல் போய்விட்டது என்று செபமாலையிடம் சொல்லித் திரிந்தேன். பிறகு அக்கா மூன்று தடவை அழைத்தார். மூன்று தடவையும் திரையில் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது, ரிஸ்வான் மதிலோரமாக நின்றார். போய்ப் பக்கத்தில் நின்றேன். அன்று அவரை எழும்பிப் போக வைத்ததற்காக மன்னிப்புக் கேட்டேன்.

"நான் அண்டைக்கு வீட்ட போகேல்லை மாஸ்டர்" என்றார். "சந்தியில ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுத் திரும்பி வந்தனான். வந்து பாத்தா மேசையில ஒண்டும் இல்லை. நீங்களும் இல்லை."

"ஆட்டத்துக்கோ வந்தனீங்கள்?"

"வேறென்னத்துக்கு? எங்களைப் போகச் சொன்ன அண்டைக்கு வாப்பா வாய் திறக்கேல்லை. எனக்கு ஆறு வயசு. இதில எண்டாலும் நான் கதைக்கலாம் எண்டு வந்தனான். நான் கதைக்க முன்னம் ரெண்டு பேரும் மூடிப்போட்டீங்கள்."

மதிப்பீடு வந்து சில நாள் கழித்து அதை அவர் அக்காவிடமும் சொல்லியிருக்கிறார். அக்கா, "வாற ஞாயிறு விட்ட இடத்திலயிருந்து ஆடுவம் தம்பி" என்றாராம். நான் இல்லாமல் மூன்று ஞாயிறு அவர்கள் உப்புக்கோட்டையை ஆடி முடித்திருக்கிறார்கள். செபமாலை இதை என்னிடம் மறைத்துவிட்டார். அக்காதான் தானே சொல்லுவேன் என்று சொல்லி வைத்திருந்தாராம்.

அந்த மூன்று ஞாயிறுகளின் குறிப்புகள் அக்காவின் கொப்பியில் ஆறு பக்கங்கள். அவருடைய தங்கை அவற்றைக் கிழித்து எனக்குத் தந்தார்.

கொல்லன் நகர வாசலில் நின்று, ஒவ்வொரு வீட்டுக்காரரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் போகச் சொன்னால்தான் ஊர் அசையும் என்கிறான். என் எழுத்தில் அப்படி ஒன்று இல்லை. அக்கா பகடை உருட்டச் சொல்கிறார். ரிஸ்வான் வெல்கிறார். ஊர் வெளியேறுவதை அது தடுக்கவில்லை. ஆனால் அறிவிப்பாளன் வாசல் வாசலாகப் போய்ப் பெயர் சொல்ல வேண்டி வருகிறது. பெயர்களை ரிஸ்வான் கொடுக்கிறார். முதல் நாலைந்தை வாசித்ததுமே விளங்கியது. அவை உப்புக்கோட்டைப் பெயர்கள் அல்ல. விடத்தல்தீவில் அவருடைய ஒழுங்கையில் இருந்தவர்களின் பெயர்கள்.

கடைசிப் பக்கத்தில் அக்கா எழுதியிருக்கிறார்: "நடத்தியவரின் பலவீனம்: ரிஸ்வான் எழும்பியதும் பயந்துவிட்டேன். அவரைக் கேட்காமல் அவருக்காக நானே முடிவெடுத்தேன். முழுக்க ஆடாமல் மதிப்பீடு எழுதியது இதுவே முதல் தடவை. மாஸ்டரோடு கதைத்துவிட்டு இணையப் பக்கத்தில் மாற்ற வேண்டும்."

மாற்றப்படவில்லை. நான் தொலைபேசியை எடுத்திருந்தால் மாறியிருக்கும். அந்த இணையப் பக்கத்தைத் திருத்துவதற்கான கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு வசனங்களும் அப்படியே இருக்கப்போகின்றன. அவை பிழை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஆறு பக்கங்களைத்தான். வாசல் காட்சியை அவற்றைப் பார்த்துத் திருப்பி எழுதுகிறேன். ரிஸ்வான் ஒன்றுதான் கேட்டார்: "பேருகளை மாத்தாதேங்கோ."

வரும் ஞாயிறு அவரும் செபமாலையும் என் வீட்டுக்கு வருகிறார்கள். கொல்லன் ரிஸ்வான்தான். நடத்துவது நான். அப்படியென்றால் அறிவிப்பாளனும் நான்தான். வாசல் வாசலாக நின்று அந்தப் பெயர்களை நான் சொல்ல வேண்டும்.